சிறுமூளையைச் சாய்க்கும் குளூட்டமின் சங்கிலி

நாற்பது வயதைத் தொட்ட ஒருவர் நேராக நடக்க முடியாமல் தடுமாறுகிறார். கால்களை அகட்டி வைத்து நடக்கிறார். பேச்சு குழறுகிறது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தேநீர் தளும்பிச் சிந்துகிறது. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? “காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்” என்பார்கள். கள்ளுக்கடையையும் சம்சு போத்தலையும் கண்டு வளர்ந்த தோட்டத்துச் சமூகத்தில், தள்ளாடும் நடைக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பது எளிதில் தோன்றுவதில்லை.

ஆனால், அந்த மனிதர் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவராக இருக்கலாம். அவருடைய அப்பாவோ அம்மாவோ ஏறக்குறைய அதே வயதில் அதே மாதிரி தள்ளாடியிருக்கலாம். அவருடைய மூளையின் பின்பக்கத்தில் உள்ள சிறுமூளை மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கலாம். குளூட்டமின் என்ற ஓர் அமினோ அமிலம், ஒரே ஒரு புரதத்தில், இருக்க வேண்டிய எண்ணிக்கையைவிடச் சில முறை கூடுதலாகக் கோக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்துள்ள பெயர் ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா வகை 1. ‘அட்டாக்சியா’ என்றால் உடலின் அசைவுகள் ஒழுங்கு தவறிப்போவது. உலக அளவில் இது அரிய நோய்தான். ஆனாலும் தமிழர்கள் இதை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் உள்ள ஒரு தமிழ்ச் சமூகத்தினரிடையே இந்த முதல் வகை நோய் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் காணப்படுவதை, 2005ஆம் ஆண்டு ‘நியூராலஜி இந்தியா’ என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியான கட்டுரை பதிவு செய்தது.

சிறுமூளை என்ன செய்கிறது?

பெயர்தான் சிறுமூளை. மூளையின் மொத்தப் பருமனில் அது பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால், மனித மூளையில் உள்ள ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்களில் சுமார் 6,900 கோடி இந்தச் சிறுமூளையில்தான் அடைந்து கிடக்கின்றன.

கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று ஆணையிடுவது பெருமூளை. அந்த ஆணை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம், எந்தக் கணத்தில் நிறைவேற வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் திருத்துவது சிறுமூளை. அது பழுதானால் கை கால்கள் வலுவிழந்து போவதில்லை. வலு இருக்கும், அளவுதான் தவறிப்போகும். சட்டைப் பொத்தானைப் பிடிக்கப் போன விரல் பக்கத்தில் போய் நிற்கும். படியில் வைக்க வேண்டிய கால் படியைத் தாண்டிப் போகும். நாக்கும் தொண்டையும்கூடத் தசைகள்தான் என்பதால் பேச்சு குழறும். பிறகு விழுங்குவதும் சிரமமாகும்.

சிறுமூளையின் புறணியிலிருந்து வெளியே போகும் எல்லாக் கணக்கையும் எடுத்துச் செல்பவை புர்கின்யே செல்கள். 1837இல் இவற்றைக் கண்டு விவரித்த செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யேவின் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. கிளை விரித்த மரம்போல் இருக்கும் இந்தச் செல்களைத்தான் அட்டாக்சியா வகை 1 முக்கியமாகத் தாக்குகிறது.

மல்லிகைச் சரமும் கனகாம்பரமும்

நம் உடலின் புரதங்கள் அனைத்தும் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்யப்பட்டவை. பயன்படுபவை மொத்தம் 20 வகை. எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் வர வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மரபணுவின் மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து வந்தால் குளூட்டமினைக் கோக்க வேண்டும் என்று பொருள்.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இந்த நோயின் வேரைக் கண்டுபிடித்தன. ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹுடா ஸோக்பியும், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஓரும் கைகோத்துச் செய்த ஆய்வு அது. ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதையும், நோயாளிகளிடம் அந்தத் தொடர் நீண்டிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்த மரபணு செய்யும் புரதத்துக்கு அட்டாக்சின்-1 என்று பெயர். ஸோக்பி, ஓர் இருவரும் வேறு இரு அறிஞர்களுடன் 2022ஆம் ஆண்டு நரம்பியலுக்கான காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நீளம் மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதும் விரைவிலேயே தெரிந்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக மல்லிகை தொடுத்து, நடுவில் ஓரிரண்டு கனகாம்பரம் வைப்பார்கள் அல்லவா? நலமாக உள்ளவர்களின் அட்டாக்சின்-1 புரதத்திலும் குளூட்டமின் வரிசைக்கு நடுவே ஹிஸ்டிடின் என்ற வேறோர் அமினோ அமிலம் ஓரிரு இடங்களில் வந்து அந்த வரிசையை முறிக்கிறது. நோயாளிகளின் சரத்தில் இந்தக் கனகாம்பரம் இல்லை. முறிவே இல்லாமல் குளூட்டமின் மட்டும் நீள்கிறது.

இடையில் முறிவில்லாமல் 39 அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தால் அது நோய் தரும் நீளம். ஆனால் 36 முதல் 44 வரை இருந்தும் நடுவில் ஹிஸ்டிடின் இருந்தால் அது நோயற்ற நீளமாகவே கருதப்படுகிறது. எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும் ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் நலமாகவும் இருப்பதற்கு இந்த ஹிஸ்டிடினே காரணம்.

இந்த முறிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே எழுத்துகள் இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப வரும்போது, அடுத்த தலைமுறைக்காக மரபணு நகலெடுக்கப்படுகையில் எண்ணிக்கை பிசகி மேலும் கூடிவிடுகிறது. அப்பாவிடம் இருந்ததைவிடப் பிள்ளையிடம் சரம் நீளமாக இருக்கக்கூடும். தகப்பன் வழியாக வரும்போது இப்படி நீள்வது அதிகம். சரம் நீள நீள, நோய் தொடங்கும் வயது குறையும். தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது, அப்பாவுக்கு நாற்பதில், மகனுக்கு முப்பதில் என்று சில குடும்பங்களில் நோய் முந்திக்கொண்டு வருவதன் இரகசியம் இதுதான். இதைச் சாபம் என்றும் செய்வினை என்றும் நினைத்துக் கோயில் கோயிலாக அலைந்த குடும்பங்களுக்கு, இதன் பின்னால் இருப்பது எண்ணிவிடக்கூடிய ஒரு கணக்குதான் என்று தெரிவதே ஓர் ஆறுதல்.

776ஆம் இடத்தில் ஒரு சாவி

அப்படியானால் நீண்ட குளூட்டமின் சரம் மட்டும்தான் குற்றவாளியா? எலிகளிடம் நடந்த சோதனைகள் வேறொரு கதையைச் சொல்லின.

அட்டாக்சின்-1 சுமார் 800 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். நோய் தரும்படி 82 குளூட்டமின்கள் உள்ள அட்டாக்சின்-1ஐ உண்டாக்கும் எலிகளை ஓரின் குழு உருவாக்கியது. அந்த எலிகள் தள்ளாடின. அவற்றின் புர்கின்யே செல்கள் நலிந்தன. பிறகு, 772ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். அந்த இடம், செல்லின் உட்கருவுக்குள் நுழைய அந்தப் புரதம் காட்டும் அனுமதிச் சீட்டு போன்றது. சீட்டு பறிபோனதும் புரதம் உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிட்டது. 82 குளூட்டமின்கள் அப்படியே இருந்தும் எலிகளுக்கு நோய் வரவில்லை. இது 1998இல் வெளியான முடிவு.

2003இல் இன்னும் வியப்பான முடிவு வந்தது. 776ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. செல் அந்தச் செரினின் மேல் ஒரு பாஸ்பேட் துணுக்கை ஒட்டி வைக்கும். அப்படி ஒட்டப்பட்ட அட்டாக்சின்-1 எளிதில் சிதைந்து போகாமல் செல்லில் தேங்குகிறது. ஆய்வாளர்கள் அந்தச் செரினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் ஒட்ட முடியாத அலனினை அங்கே வைத்தார்கள். 82 குளூட்டமின்கள் இருந்தும் எலிகள் ஏறக்குறைய நலமாகவே நடந்தன.

இதற்கு நேர் எதிரான சோதனை 2010இல் வெளியானது. இப்போது குளூட்டமின் 30 மட்டுமே. அதாவது நலமாக உள்ளவர்களின் நீளம். ஆனால் 776ஆம் இடத்தில், எப்போதும் பாஸ்பேட் ஒட்டியிருப்பதுபோல் நடிக்கும் அஸ்பார்டிக் அமிலத்தை வைத்தார்கள். அந்த எலிகள் தள்ளாடத் தொடங்கின! புர்கின்யே செல்கள் இறந்துபோகும் அளவுக்கு நோய் முற்றவில்லை என்றாலும், நோயின் தொடக்கம் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

பூட்டு என்னவோ குளூட்டமின் சங்கிலிதான். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி 776ஆம் செரினில் இருக்கிறது என்பதே இந்தச் சோதனைகள் சொல்லும் பாடம். இது ஏன் முக்கியம் என்றால், பிறவியிலேயே வந்த சங்கிலியை வெட்டிக் குறைப்பது மிகக் கடினம். ஆனால் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும் நொதியைத் தடுப்பது, மருந்துகள் வழக்கமாகச் செய்யும் வேலை. செல்லில் அட்டாக்சின்-1இன் அளவைக் கூட்டுவதில் பங்கு கொள்ளும் நொதித் தொடர் ஒன்றை அடக்கினால், ஈக்களிடமும் எலிகளிடமும் நோய் தணிகிறது என்று 2013இல் ஒரு குழு காட்டியது. புரதம் உருவாவதையே குறைக்கும் மரபணுத் துணுக்கு மருந்து எலிகளின் நடையைச் சீராக்கி ஆயுளையும் நீட்டியதாக 2018இல் இன்னோர் ஆய்வு வந்தது.

எலிக்குப் பலன் தந்தது மனிதருக்கும் அப்படியே பலன் தரும் என்று சொல்லிவிட முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும், எங்கே தட்ட வேண்டும் என்பது இப்போது தெரிந்திருக்கிறது.

அமினோ அமிலமே மருந்தாகுமா?

இங்கே வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். குளூட்டமின்தான் கெடுக்கிறது என்றால், உடற்பயிற்சி நிலையங்களில் விற்கும் குளூட்டமின் மாவைச் சாப்பிடுபவர்களின் கதி என்ன?

அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நோய் தருவது நாம் உண்ணும் குளூட்டமின் அல்ல. மரபணுவின் குறிப்பு தவறியதால் ஒரு புரதத்துக்குள் கோக்கப்பட்ட குளூட்டமின்தான் சிக்கல். பூக்கடையில் மல்லிகை எவ்வளவு குவிந்து கிடந்தாலும், தொடுப்பவர் எண்ணித் தொடுத்தால் சரத்தின் நீளம் மாறாது. அதே காரணத்தால், குளூட்டமின் உள்ள உணவைத் தவிர்ப்பதாலும் இந்த நோய் குறையாது. இறைச்சி, முட்டை, பால், பருப்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம் உடலே அதைத் தயாரிக்கவும் செய்கிறது.

ஆனால், வேறோர் அமினோ அமிலம் உண்மையிலேயே மருந்தாகியிருக்கிறது. அது லியூசின். அதைச் சற்றே மாற்றி அமைத்த அசிட்டைல் லியூசின், தலைச்சுற்றலுக்கு மருந்தாக 1957 முதல் பிரான்ஸ் நாட்டில் விற்கப்பட்டு வருகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவர் மைக்கேல் ஸ்ட்ருப் குழுவினர், சிறுமூளை நலிவால் தள்ளாடிய 13 பேருக்கு ஒரு வாரம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நடை முன்னேறியதாக 2013இல் அறிவித்தார்கள். செய்தி பரவியதும் உலகெங்கும் நோயாளிகளுக்கு நம்பிக்கை பிறந்தது.

அறிவியல் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. பலவகை அட்டாக்சியா உள்ள 108 பேரைச் சேர்த்து, மருந்தையும் வெறும் மாத்திரையையும், எது மருந்து என்று தெரியாத வகையில் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. முதலில் கண்ட முன்னேற்றம், மருந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே தரும் ஊக்கத்தால் வந்திருக்கக்கூடும்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நீமன்-பிக் வகை சி என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. செல்களில் கொழுப்பு தேங்குவதால் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் சிறுமூளை பழுதாகும். அந்த நோய் உள்ள 60 பேரிடம் லியூசினின் ஒரு வடிவத்தை 12 வாரம் சோதித்தபோது தள்ளாட்டம் உண்மையாகவே குறைந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த மருந்துக்கு ஒப்புதல் தந்தது.

ஒரே அமினோ அமிலம் ஒரு நோயில் பலித்தது. பலவகை நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்தபோது பலிக்கவில்லை. எனவே ‘சிறுமூளைக்கு நல்லது’ என்று யாராவது விலை உயர்ந்த அமினோ அமில டின்னை வாட்சாப்பில் விற்க வந்தால், “எந்த நோய்க்கு, எந்தச் சோதனையில்?” என்று கேட்டுவிடுங்கள். நோயின் பெயர் தெரியாமல் மருந்தைத் தேடக் கூடாது.

சொந்தத்தில் மணம் முடித்ததாலா?

நம் வீடுகளில் பரம்பரை நோய் என்றதும் “சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்று சொல்லிவிடுவது வழக்கம். சில நோய்களுக்கு அது பொருந்தும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அந்த வகை நோய்கள் வெளிப்படும். அட்டாக்சியா வகை 1 அப்படிப்பட்டதல்ல. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தை மகளைக் கட்டினாலும், வேற்று இனத்தில் கட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே மருமகள் வந்த நேரம், மாமியார் வழி உறவு என்றெல்லாம் பழி சொல்வதில் பொருளில்லை.

பிறகு ஏன் ஒரு சமூகத்தில் மட்டும் அதிகமாகக் காணப்படுகிறது? இதுபோன்ற நோய்கள் ஓர் இடத்தில் குவிவதற்குப் பொதுவான காரணம், பல தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையரிடமிருந்து வந்த மரபணு, தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான். நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில்தான் தலைகாட்டும். அதற்குள் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிடுகின்றன. அதனால்தான் அது அடுத்த தலைமுறைக்குத் தப்பாமல் போய்ச் சேர்கிறது.

நம் முன்னோர் ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் கப்பலேறி வந்தவர்கள். ஊரில் விட்டு வந்த பெரியப்பாவுக்கு என்ன நோய் இருந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் புக்கிட் காத்திலுக்கும் ஆயர் குரோவுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்து போனார்கள். ஒருவருக்கு வந்த நோய் இன்னொருவரின் காதுக்கு எட்டாமல் போவதற்கு இது போதும். பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் கேட்கும் முதல் சான்றே குடும்ப வரலாறுதான். அதுதான் நம்மிடம் அறுந்து கிடக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, தள்ளாட்டம் எல்லாமே பரம்பரை நோய் என்று பயந்துவிடக் கூடாது. பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, நெடுநாள் மதுப்பழக்கம், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளின் அளவு கூடிப்போவது, மூளையில் கட்டி என்று பல காரணங்கள் உண்டு. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால்தான் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்க வேண்டும். திடீரென்று ஒரே நாளில் தள்ளாட்டம் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, குடும்ப மரத்தை வரையுங்கள். தாத்தா பாட்டி தொடங்கி மூன்று தலைமுறை. யாருக்கு நடை தள்ளாடியது, எந்த வயதில் தொடங்கியது, அவர்களின் பூர்வீக ஊர் எது என்று எழுதுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு தாளில் முடியும் இந்த வேலை, மருத்துவருக்குப் பல மாதத் தேடலை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. ஒரு குழாய் இரத்தத்தில் சி.ஏ.ஜி. தொடரின் நீளத்தை எண்ணிவிடலாம். ஆனால் நோய் அறிகுறி இல்லாத மகனோ மகளோ தமக்கு வருமா என்று தெரிந்துகொள்வது அவரவர் விருப்பம். தெரிந்துகொள்ளும் உரிமை இருப்பதுபோல் தெரியாமலேயே இருக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. வீட்டார் வற்புறுத்தக் கூடாது. சோதனைக்கு முன்பும் பின்பும் மரபியல் ஆலோசனை அவசியம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இதற்கென மரபியல் பிரிவு இருக்கிறது. அறிகுறி இல்லாத சிறு பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை செய்வதில்லை. வளர்ந்த பின் அவர்களே முடிவு செய்யட்டும் என்பது மருத்துவ உலகின் பொது நெறி.

நான்காவது, மருந்து இல்லை என்பதற்காகக் கை கட்டி இருக்கத் தேவையில்லை. ஜப்பானில் சிறுமூளை நலிவுள்ள 42 பேருக்கு நான்கு வாரம் தீவிர உடற்பயிற்சி சிகிச்சை அளித்ததில் நடையும் சமநிலையும் முன்னேறியதாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சி நோயை நிறுத்தாது. ஆனால் சொந்தக் காலில் நிற்கும் காலத்தை நீட்டித் தரும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, தடியோ தள்ளுவண்டியோ, மோட்டார் சைக்கிளை விட்டுவிடுவது ஆகியவை விழுந்து எலும்பு முறிவதைத் தடுக்கும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறத் தொடங்கினால் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டுவதே இந்த நோயாளிகளின் உயிருக்குப் பெரிய ஆபத்து.

ஐந்தாவது, உரிமைகளைக் கேட்டுப் பெறுங்கள். சொக்சோ சந்தா கட்டி வந்த ஊழியர், குணப்படுத்த முடியாத நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் இலாட் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயதுக்குள் இதைச் செய்ய வேண்டும். சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் நம் மலாக்கா மாநிலத்திலேயே இருக்கிறது. சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து ஓகேயு அட்டையும் வாங்கிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது மருத்துவர் எழுதித் தரும் நோயின் பெயர்.

1993க்கு முன் இந்த நோயை உண்டாக்கும் மரபணு எது என்று சொல்ல முடியவில்லை. இன்று எந்த மரபணு, எந்தப் புரதம், அதில் எத்தனையாவது இடத்து அமினோ அமிலம் என்பது வரை சொல்ல முடிகிறது. மருந்து வரும்போது, அது முதலில் போய்ச் சேரப்போவது நோய் உறுதி செய்யப்பட்டு மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களிடம்தான். குடிகாரன் என்று ஊர் ஒதுக்கி வைத்து, வீட்டின் பின்னறையில் முடங்கிக் கிடப்பவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இன்று தேவைப்படுவது புதிய மருந்தல்ல, உடன் செல்ல ஒரு சொந்தக்காரர்.